சங்கத்தில் மனஸ்தாபம் தீர்க்கும் முறை

கிராம ஐக்கிய சங்கங்கள் நலிவடைவதற்குப் பணக்குறைவு ஒன்றே காரணமன்று. அங்கத்தினருக்கும் பஞ்சாயத்தாருக்கும் இடையே தோன்றும் மனஸ்தாபம் உரிய காலத்தில் தீர்க்கப்படாமற் போவதும் ஒரு காரணமாகும். ஆகவே, சங்கத்தின் அக்கிராசனர் அதனைத் தீர்க்கும் வகையை இங்கு ஆராய்வோம்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் கூடி, 1844-ஆம் வருஷத்தில் ஒரு பண்டகசாலை திறந்தனர். பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே என்பது அவர்கள் காட்டிய வழி. 1904-ஆம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லாத் திரூரில் தோன்றிய விவசாய நாணய சங்கம் முதலாக, நம் நாட்டுச் சங்கங்களும் அவ்வழியே வந்தவை. ஆதலின் அக்கிராசனர் அங்கத்தினருக்கு எஜமானர் அல்லர்; அவர்களால் தெரிந்தெடுக்கப்பட்ட ஊழியர். அதிகாரத்தால் வாயை அடக்கலாம். மனத்தாங்கலை அகற்ற இயலாது.

ஓர் உதாரணம் கூறுவோம். விதைப்புக் காலத்தில் ஓர் அங்கத்தினர் கடன் கேட்கிறார். பழைய தவணை பாக்கியிருப்பதால் பஞ்சாயத்தார் விண்ணப்பத்தை நிராகரிக்கின்றனர். ஆனால் காரணத்தை அவருக்கு எவரும் உரைக்கவில்லை. அதே கூட்டத்தில் அக்கிராசனரின் மருமகனுக்குக் கடன் அனுமதிக்கப்படுகிறது. மருமகன் பாக்கியின்றிச் செலுத்தியவர். அதுவும் ஊராருக்குத் தெரியாது. 'உறவினருக்கே சங்கம்' என்ற பேச்சு சாவடியில் எழுகிறது. மனம் நொந்தவர் பழைய தவணையையும் கட்ட மறுக்கிறார். அவரைப் பார்த்து வேறு சிலரும் நிறுத்திவிடுகின்றனர். ஆதியில் கிராம நாணய சங்கங்களின் பொறுப்பு வரையறையற்றதாயிருந்தது. ஒருவர் கடன் நின்றால் அனைவர் சொத்தும் ஈடாகக்கூடும். இங்ஙனம் ஒரு வார்த்தை சொல்லாமையால் வந்த கேடு சங்கம் முழுவதையும் பற்றுகிறது.

இதனைத் தவிர்க்கும் வழிகள் பின்வருமாறு:

1. காரணத்தை நேரில் உரைத்தல். நிராகரித்த அன்றே அக்கிராசனர் தாமே அங்கத்தினரிடம், 'ஐயா, முன் தவணை பாக்கியுள்ளது. அதைச் செலுத்தியதும் தங்கள் விண்ணப்பம் மறுபடியும் பஞ்சாயத்தின்முன் வைக்கப்படும்' என்று கூறுக. மறுப்போடு வழியும் காட்டப்படல் வேண்டும்.

2. முழுவதும் கேட்டல். குறை கூற வந்தவரைத் தனியே அமர்த்தி, இடைமறியாது கேட்க வேண்டும். பின்னர், 'தாங்கள் கூறுவது இதுதானே?' என்று வினவித் தெளிக. கடன் கிடையாததால் வருத்தமா, மதியாது நடத்தியதால் வருத்தமா என்பது அப்பொழுதே விளங்கும். இரண்டிற்கும் மருந்து வேறு.

3. கணக்கைக் காட்டுதல். சந்தேகத்திற்கு விடை பேரேட்டில் உள்ளது. அவர் எழுத்தறியாதவராயின், அவர் நம்பும் ஒருவர்முன் அவர் கணக்கைப் படித்துக் காட்டுக.

4. விலகியிருத்தல். தம் உறவினர் விண்ணப்பம் வருங்கால் அக்கிராசனர் கூட்டத்தினின்று வெளியேறி, மற்றொரு பஞ்சாயத்தார் தலைமை வகிக்கச் செய்க. இதை மினிட்டுப் புஸ்தகத்திலும் பதிய வேண்டும். நடுநிலைமை இருந்தாற் போதாது. அது பிறர் கண்ணுக்கும் புலப்பட வேண்டும்.

5. விஷயத்தை விட்டு விலகாமை. வாய்க்கால் வழக்கு, ஜாதிப்பேச்சு, தேர்தல் பகை முதலியவற்றைச் சங்க விவாதத்தில் நுழைய விடலாகாது. எவரேனும் தொடங்கின், 'இன்றைய விஷயம் கடன் விண்ணப்பமே' என்று அமைதியாகத் திருப்புக.

6. முடிவை எழுதுதல். இசைந்தது யாது, யார் எத்தேதிக்குள் செய்வது என்பனவற்றை எழுதி, இருதரத்தாருக்கும் படித்துக் காட்டுக. அடுத்த கூட்டத்தில் அது நிறைவேறிற்றாவென்று விசாரிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கையாடல், பொய்க் கணக்கு முதலிய குற்றச்சாட்டுகளைச் சமாதானம் என்ற பெயரால் மூடுதல் கூடாது. அவை தணிக்கைக்கும் விசாரணைக்கும் உரியவை. சங்க நடவடிக்கை பற்றிய பிணக்கு பேச்சினால் தீராவிடின், தமிழ்நாட்டில் 1983-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 90-வது பிரிவின்படி அதைப் பதிவாளரிடம் கொண்டு செல்லலாம். எனினும், வழக்கில் வென்றவரும் தோற்றவரும் மறுநாளும் ஒரே களத்துமேட்டில் நிற்க வேண்டியவர்களே. ஆகவே முதலில் பேச்சையே நாடுக.

பஞ்சாயத்தார் தம் அடுத்த கூட்டத்தில், இவ்வருஷம் நிராகரித்த விண்ணப்பங்களை எடுத்துப் பார்ப்பாராக. ஒவ்வொன்றிலும் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா? உரியவருக்கு அது சொல்லப்பட்டதா? சொல்லப்படாதவர் வீட்டிற்கு அன்று மாலையே ஒருவர் சென்று வருதல் நலம்.