அணுவிலிருந்து மின்சாரம்

நாம் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. தமிழ்நாட்டில் 1983இல் கல்பாக்கத்திலும், 2013இல் கூடங்குளத்திலும் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அது எவ்வாறு என்று பார்ப்போமா?

இட்லிப் பானையின் மூடியைத் தள்ளுகிறதே நீராவி, அதுதான் அங்கும் டர்பைனைச் சுழற்றுகிறது. ஆனால் நீரைக் கொதிக்க வைப்பது நிலக்கரி அன்று, யுரேனியம். யுரேனியம் 235 அணுவின் கருவில் ஒரு நியூட்ரான் மோதினால் கரு இரண்டாகப் பிளக்கிறது. வெப்பமும், இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களும் வெளிப்படுகின்றன. அவை மற்றக் கருக்களைப் பிளக்கின்றன. இதுவே தொடர்வினை. நியூட்ரான்களை விழுங்கும் தண்டுகளை உள்ளே இறக்கினால் அது சில நொடிகளில் நின்றுவிடும்.

வெப்பமோ உடனே நிற்பதில்லை. விறகை இழுத்த பின்னும் தணல் கனல்வதுபோல, பிளந்த துண்டுகளின் கதிரியக்கம் முழு வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றில் 6 பங்கைத் தந்து, பின்பு படிப்படியாகக் குறையும். ஆகவே நிறுத்திய உலைக்கும் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் கல்பாக்கத்தின் பம்பு நிலையத்தில் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஜப்பானின் புகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தவுடன், இயங்கிய மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. ஆனால் கடலலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியின்றி அம்மூன்றிலும் எரிபொருள் உருகியது.

அணுவைப் பிளக்கும் அறிவு பெரிது. அதன் தணலைக் காக்கும் விழிப்பு அதனினும் பெரிது. இதை உணர்ந்தால் வீண் அச்சமும் வேண்டாம், வீண் பெருமையும் வேண்டாம். அறிந்து கேள்வி கேட்கும் குடிமக்களாக நாம் வளர்வோம்.