மனத்திற்கும் மருந்துண்டு

நுழையும்முன்
உடல் நலிவுற்றால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளம் நலிவுற்றாலோ அதனைப் பிறர் அறியாமல் மறைக்கிறோம். மறைக்க மறைக்க நோய் முற்றுகிறது, நோயுற்றவர் தனிமைப்படுகிறார். அறியாமைக்கு நாம் கொடுத்த விலையையும் மருத்துவம் காட்டும் வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஏர்வாடி உணர்த்திய உண்மை
2001 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6 ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோரால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். இத்தகைய காப்பகங்களில் நோயுற்றோரைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்தம் உறவினரே. அவர்களிடம் அன்பு இல்லாமல் இல்லை. மனநோய்க்கு மருத்துவம் உண்டு என்னும் தெளிவும், அம்மருத்துவம் எளிதில் கிட்டும் வாய்ப்பும் இல்லாதபோது, அன்பு மட்டும் ஒருவரைக் காத்துவிடாது என்பதே ஏர்வாடி உணர்த்தும் உண்மையாகும்.

நோயும் அதன் அறிகுறிகளும்
மனநோய் என்பது பாவத்தின் விளைவன்று. மன உறுதி இன்மையும் அன்று. மூளையின் இயக்கம், மரபு, வாழ்க்கைச் சூழல், தாங்கவியலாத இழப்பு எனப் பல காரணங்கள் ஒன்றுகூடி அதனைத் தோற்றுவிக்கின்றன. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வருந்துவது இயல்பு. சில நாள்களில் அவ்வருத்தம் ஆறிவிடும். ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரம் நீங்காதிருத்தல், உறக்கமும் பசியும் குன்றுதல், விரும்பிய செயல்களிலும் நாட்டம் இழத்தல், வாழ்வே வீண் எனத் தோன்றுதல் ஆகியன மனச்சோர்வின் அறிகுறிகளாகலாம். அந்நிலையில், “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்னும் அறிவுரை மட்டும் பயன் தராது. காய்ச்சலுற்றவரைக் ‘காய்ச்சலை விட்டுவிடு’ என்று பணிக்க இயலுமா?

யாரை நாடுவது?
மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து, தேவையெனில் மருந்து தருவார். உளவியல் வல்லுநர், உரையாடலின் வழியாக எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்ய உதவுவார். மனச்சோர்வுக்கான மருந்துகள் முழுப்பயன் தரச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, பொறுமை வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதல் கூடாது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக வைத்தார். நான்காமவர் பேணுபவர் என்பது எண்ணத்தக்கது. குடும்பமும் நட்பும் மருத்துவத்திற்கு மாற்றல்ல. ஆயினும், அவை இன்றி மருத்துவம் நிறைவுறாது.

விலங்கை விலக்கிய சட்டம்
மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டு, 2018 இல் நடைமுறைக்கு வந்தது. மனநல மருத்துவம் பெறுவதை இச்சட்டம் ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. நோயுற்றவரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்தது. நோய் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் எனவும் வலியுறுத்தியது.

தெரியுமா?
இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படுபவர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய இவர், மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைச் சென்னையில் 1984 இல் தோற்றுவித்தார். நலம்பெற்றோர் மீண்டும் சமூகத்தில் வாழ்வதற்கான மறுவாழ்வுப் பணியில் முனைந்து நின்றார். 1992 இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

நாம் செய்யத்தக்கது
வகுப்பில் கலகலப்பாக இருந்த தோழர் திடீரென ஒதுங்கினால், அருகில் அமருங்கள். அறிவுரை கூறாமல் அவர் சொல்வதைக் கேளுங்கள். ‘பைத்தியம்’ என்னும் சொல்லை விளையாட்டுக்கும் வழங்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வெளிப்படுத்தினால் அதனை மறைபொருளாகக் காக்க வேண்டா. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே தெரிவியுங்கள். அது நட்புக்கு இழைக்கும் துரோகமன்று, நட்பின் கடமை. அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன.

உதவி கேட்பது தாழ்வன்று. தம் துன்பத்தை உணர்ந்து அதற்குரிய வல்லுநரை நாடுபவர், நலம்பெறும் வழியில் முதல் அடியை எடுத்துவைத்தவர் ஆகிறார்.

கற்பவை கற்றபின்...
மனநோய் குறித்து உங்கள் ஊரில் நிலவும் தவறான நம்பிக்கைகளைத் தொகுத்து, அவற்றுக்கு அறிவியல் தரும் விளக்கங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.