மீட்டரை மட்டும் நம்பலாமா? கெஸ்கட் கசிவு பற்றி ஒரு பாடம்



லயங்களில் சிலர் லீசிங்கில் வேன் எடுத்து, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கி உழைக்கிறார்கள். வண்டி நின்றால் வருமானம் நிற்கும். லீசிங் காசு நிற்காது. ஆகவே வீட்டில் உள்ளவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கெஸ்கட் என்றால் என்ன?

எஞ்சின் பாகங்கள் இரண்டு பொருந்தும் இடத்தில், காற்று, தண்ணீர், ஒயில் கசியாமல் நடுவில் வைப்பதுதான் கெஸ்கட். அது கசிந்தால் எஞ்சினின் பலம் குறையும். மீட்டரும் ஸ்கேன் மெசினும்கூட நம்மைத் தப்பான இடத்தில் தேட வைக்கும்.

1. ஹெட் கெஸ்கட்: இது போனால் றேடியேற்றர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். வெள்ளைப் புகை வரும். மேட்டில் இழுவை இருக்காது. தண்ணீர் கலந்தால் ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி ஆகும். சூட்டு மீட்டரின் சென்சர் தண்ணீரில் இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றிவிட்டால் முள் கீழே இறங்கலாம். "சூடு கொறஞ்சிருச்சு" என்று தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினே பிடித்துவிடும்.

2. இன்டேக் கெஸ்கட் (பெற்றோல் வண்டி): கணக்கில் வராத காற்று உள்ளே போகும். வண்டி நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். ஸ்கேன் மெசின் பெற்றோல் போதவில்லை என்று காட்டும். ஆனால் பெற்றோல் பம்ப் நன்றாகவே இருக்கும்.

3. எக்ஸோஸ்ட் கெஸ்கட் (பெற்றோல் வண்டி): ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று கலக்கும். அதை நம்பி கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும். சென்சரை மாற்றியும் பயனில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, கசியும் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நஞ்சு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேனில் பிள்ளைகள் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி என்றால் உடனே நிறுத்தி எல்லாரையும் வெளியே இறக்குங்கள். ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டியில் கொண்டுபோங்கள்.

செய்ய வேண்டியவை

• காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீரையும் ஒயிலையும் பாருங்கள்.

• எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

• காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானபின் குறைந்தால் எக்ஸோஸ்ட் கெஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• கராஜில் "சென்சர் மாத்தணும்" என்றால், "பாஸ், மொதல்ல கெஸ்கட்ட செக் பண்ணிப் பாருங்க" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். செலவாவது உங்கள் காசு.

சென்சர் தனக்குப் பட்டதைத்தான் சொல்லும். காரணத்தைத் தேடிக் கண்டபிறகு சாமான் வாங்குங்கள்.