பொரித்த எண்ணெயின் பொருளியல்

எள்ளின் நெய் எண்ணெய். இங்ஙனம் பிரித்துக் காட்டியதும் தமிழாசிரியர் கடமை முடிந்துவிடும். ஆயினும் அச்சொல் எள்ளைக் கடந்து நெடுந்தூரம் வந்துவிட்டது. தேங்காயெண்ணெய் என்கின்றோம், மண்ணெண்ணெய் என்கின்றோம். உண்பதற்கும் எரிப்பதற்கும் ஒரே பெயர். இவ்வொற்றுமை பெயரளவில் நின்றதன்று. 1900ஆம் ஆண்டு பாரிசு நகரப் பொருட்காட்சியில், ருடோல்ப் டீசல் கண்ட முறையில் அமைந்த பொறியொன்று நிலக்கடலை எண்ணெயால் இயங்கிற்று. இன்றோ தாச்சியில் எஞ்சிய எண்ணெயையே உயிரி டீசலாக்கி ஊர்திகளை ஓட்டுகின்றனர். இத்தொழில் இறக்கக்கண்டி போன்றதொரு கடலோர ஊருக்கு ஊதியம் தருமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளை நம்மவர் மறந்திரார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாயிருந்த டீசல், யூன் 26இல் 460 ரூபாவாயிற்று. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகளை உடைய மாவட்டத்தவராகிய நாமும் வெற்றுக் கொள்கலங்களோடு நின்றோம். கடைதோறும் வீணாகும் எண்ணெயை எரிபொருளாக்கினால் என்ன என்ற கேள்வி அத்தகைய வேளையில் எழுவது இயல்பே.

செய்முறை கடினமானதன்று. வடிகட்டி நீர் நீக்கிய எண்ணெய் 100 லீற்றருக்கு மெதனோல் ஏறத்தாழ 20 லீற்றரும், ஊக்கியாகக் கோஸ்டிக் சோடா ஒரு கிலோ அளவிலும் சேர்த்து, இளஞ்சூட்டிற் கலக்கினால், கனத்த கிளிசரீன் கீழே தங்கும். மேலே தெளிவது உயிரி டீசல். குளிர்நாடுகளில் இஃது உறைந்து இடர் தருவதுண்டு. நமது வெயிலில் அவ்வச்சம் இல்லை. ஆனால் எண்ணெய் பழுதுபட்டதாயின் கதை வேறு. பலகாரத்தின் ஈரமும் சூடும் சேர்ந்து எண்ணெயைப் பிளந்து கொழுப்பமிலங்களைப் பிரித்து விடுகின்றன. அவை சோடாவோடு கூடினால் விளைவது சவர்க்காரம். எனவே, ஒரே எண்ணெயிற் பலமுறை பொரித்த கடையிலிருந்து எரிபொருள் குறைவாகவே கிடைக்கும்.

இனிக் கணக்கு. பின்வருவன சந்தை விலைகள் அல்ல. வழி காட்டுதற்கு யாமே வைத்துக்கொண்ட எண்கள். பழைய எண்ணெய் லீற்றர் 200 ரூபா எனின் 100 லீற்றருக்கு 20,000. மெதனோலும் சோடாவும் 8,000. கூலியும் விறகும் 3,000. லொறி 3,000. ஆக 34,000 ரூபா. கழிவு போக 90 லீற்றர் தேறினால், லீற்றரின் அடக்கவிலை ஏறத்தாழ 378 ரூபா. அத்துடன் அமையவில்லை. உயிரி டீசலின் ஆற்றல் லீற்றருக்கு நூற்றுக்கு எட்டளவிற் குறைவு. ஆதலின் டீசல் 411 ரூபாவுக்கு மேல் விற்றாலன்றி வாங்குபவனுக்கு ஆதாயமில்லை. மொத்தச் செலவில் ஐந்தில் மூன்று பங்கு பழைய எண்ணெயின் விலையே என்பதை மாணாக்கர் கவனிக்க. ‘குப்பைதானே, இலவசமாய்க் கிடைக்கும்’ என்று தொடங்குவோர் இடறி விழுவது இங்கேதான். வாங்க ஒருவன் வந்த அன்றே குப்பை சரக்காகிவிடுகிறது.

லொறிச் செலவும் சிறிதன்று. அதே பயணத்தில் 50 லீற்றரே சேர்ந்தால், முடிவான லீற்றரொன்றில் மேலும் 33 ரூபா ஏறும். நிலாவெளிக் கரையின் விடுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை பொரியல் மிகும். வாடைக்காற்றும் மாரியும் வந்தால் விருந்தினர் குறைவர், எண்ணெயும் குறையும், கலன்கள் தூங்கும். இறக்கக்கண்டித் தேநீர்க் கடைகளில் மாலை வடைக்குப் பின் மிஞ்சுவது போத்தற் கணக்கே.

அதுவும் மிஞ்சுமா? எரிபொருள் செய்வோனுக்கு முதற் போட்டியாளன் தாச்சியே. 2022இல் டீசல் அரிதான அதே வேளையில் உக்ரேன் போரால் சமையல் எண்ணெயும் உலகெங்கும் விலையேறிற்று. கடைக்காரர் எண்ணெயை விடாது காய்ச்சினர். டீசலின் விலையேற்றத்தை நம்பி இத்தொழிலில் முதலிடுவோர், மூலப்பொருளும் உடனேறக்கூடும் என்பதையும் எண்ணல் வேண்டும்.

இந்தியாவில் இம்முடிச்சைச் சட்டத்தால் அவிழ்க்க முயன்றனர். பலமுறை காய்ச்சிய எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் எனப்படும் தீய பொருள்கள் பெருகும். அவை நூற்றுக்கு 25 பங்கைக் கடந்தால் அவ்வெண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 யூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 10இல் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை பழைய எண்ணெயைத் திரட்டும் திட்டத்தைத் தொடக்கிற்று. மறு ஆண்டு அரச எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் இவ்வகை உயிரி டீசலைக் கொள்வதாக அறிவித்து, முதலாண்டு லீற்றருக்கு இந்திய ரூபா 51, அடுத்த ஆண்டு 52.70, மூன்றாமாண்டு 54.50 என விலையும் குறித்தன. விலையுறுதி செய்வோனுக்கு, விதி உண்போனுக்கு. எம் கருத்தில் இரண்டாவதே பெரும் பேறு. எண்ணெய் தாச்சியை விட்டு நீங்கினால், உயிரி டீசல் ஒரு சதமும் தராவிடினும், வடை தின்னும் பிள்ளைக்கு அஃது ஆதாயமே.

உயிரி டீசல் வந்தால் மீனவர் துயர் தீரும் என்று மேடையிற் பேசுவது எளிது. இறக்கக்கண்டிக் கரையிற் கிடக்கும் கண்ணாடி நாரிழைப் படகுகளைப் பாருங்கள். அவற்றின் பின்புறத்து இயந்திரங்கள் குடிப்பது மண்ணெண்ணெய். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிய அதே மண்ணெண்ணெய். அவை பொறியூட்டுக் கட்டையால் எரிவன; உயிரி டீசல் அவற்றுக்கு ஆகாது. உழவு இயந்திரத்துக்கும் லொறிக்கும் பலநாட் படகுக்குமே அது பொருந்தும்.

ஆதலின் இவ்வூரில் ஆலை வைப்பதை யாம் பரிந்துரையோம். திரட்டும் தொழிலைப் பரிந்துரைப்போம். மூடியுள்ள கொள்கலன் சில, ஒரு வடிகட்டி, கிழமைக்கொருமுறை நிலாவெளி வழியே நகரம் செல்லும் வண்டியில் வெற்றிடம். இவற்றோடு இளைஞர் இருவர் தொடங்கலாம். விடுதிகளோடு விலையை ஒரு பருவம் முழுமைக்கும் முன்னரே பேசிக்கொள்ளல் வேண்டும். மெதனோல் பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. தீயும் எளிதிற் பற்றும். அதனை வீட்டுக் கொட்டிலில் வைத்தல் ஆகாது. எரிபொருளைக் கழுவிய சவர்க்கார நீருக்கும் போக்கிடம் வேண்டும். இங்கு ஆலை வைப்பின், அந்நீர் சரிந்து சேரும் இடம் பாலத்தின் கீழுள்ள களப்பு. இறால் பிடிப்போர் வலை வீசுமிடமும் அதுவே.