குனியும் முன் மேலே பார்

அன்புள்ள யாழினிக்கு,

அத்தை எழுதுகிறேன். உதகைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் கசிந்த ஊற்றில் கை நிறைய அள்ளிக் குடித்ததாகவும், அவ்வளவு இனிப்பான தண்ணீரை அதுவரை குடித்ததே இல்லை என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ச்சிதான், கூடவே வயிற்றில் ஒரு கலக்கமும் வந்தது. காரணம் இருக்கிறது.

உன் வயதில் எனக்கும் மலைத்தண்ணீர் என்றாலே மருந்து என்ற நினைப்பு. நல்ல மழைக்கு மறுநாள் ஓர் ஊற்றில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, மூன்று நாள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தேன். பிறகு அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தேன். ஊற்றுக்கு நேர் மேலே ஒரு மாட்டுக்கொட்டகை!

ஊற்று என்பது வேறொன்றுமில்லை. மேலே பெய்த மழை, மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் நடந்து, சரிவு அறுபடும் இடத்தில் வெளியே வருகிறது. நீலகிரியின் கடினமான பாறை நீரில் எளிதில் கரையாது. அதனால்தான் அந்தத் தண்ணீரில் உப்பு குறைவு, சோப்பு நன்றாக நுரைக்கிறது, நாக்குக்கும் இனிக்கிறது. மண் ஆழமாக இருந்தால் அதுவே நல்ல வடிகட்டி. மண் மெல்லியதாகவும் பாறையில் வெடிப்பு அகலமாகவும் இருந்தால், மேலே விழுந்த அழுக்கு வடியாமலே கீழே வந்துவிடும். மழைக்குப் பிறகு ஊற்று கலங்கினால், மேல்நீர் நேராக உள்ளே புகுகிறது என்று அர்த்தம்.

கலங்காவிட்டாலும் நம்பிவிடாதே. சிலர் டிடிஎஸ் மீட்டரை முக்கி, எண் குறைவாக வந்தால் சுத்தமான தண்ணீர் என்பார்கள். அது கரைந்த உப்பைத்தான் காட்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி அந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. ஆனால் மலத்திலிருந்து வரும் ஈகோலை கிருமி 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது அதே தரம். இந்தக் கிருமியை மீட்டரும் காட்டாது, நாக்கும் காட்டாது.

இதற்கு எளிய சோதனை ஒன்றை இந்திய ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்டார்கள். மருந்து தடவிய சிறு குப்பியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். கறுத்துப்போனால் மலக்கலப்பு இருக்கலாம்; அந்த நீரை அப்படியே குடிக்கக் கூடாது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உதகை உயரத்தில் நீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் 2000 மீட்டருக்கு மேலே போனால், நீர் தளதளவென்று கொதித்த பிறகு மூன்று நிமிடம் விட வேண்டும். தோட்டத்து உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டோ இதற்கும் மசியாது. காய்ச்சக் காய்ச்சச் செறிவுதான் கூடும். அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அதை ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஆகவே ஊற்றைக் காப்பது என்பது அதன் வாயில் தொட்டி கட்டுவதோடு முடிவதில்லை. மேலே கழிப்பறைக் குழியும் கொட்டகையும் உரமும் இல்லாமல் சரிவையே காக்க வேண்டும். சிக்கிமில் 2008-இல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டத்தில், வற்றிவந்த ஊற்றுகளை மீட்க மேல்சரிவில்தான் குழிகள் வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்கினார்கள். ஊற்றின் அளவானாலும் தரமானாலும் மேலேதான் முடிவாகிறது.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது, குனிந்து அள்ளும் முன் ஒரு தரம் நிமிர்ந்து பார், கண்ணு. அங்கே சோலைக்காடு இருந்ததா, கொட்டகை இருந்ததா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை