பென்சிலின் வகை மாத்திரைகள்: பீங்கான் தொழிலாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, இருமலும் சளியுமா இருக்கு, ரெண்டு நாளைக்கு நல்ல மாத்திரையா குடுங்க." எந்த ஊர் மெடிக்கலிலும் கேட்கிற பேச்சுதான் இது. விருத்தாசலத்தில் செராமிக் பட்டறையில் மண் கலக்கி, அச்சு ஊற்றி, கிளேஸ் பூசிப் பிழைப்பவர்கள் இப்படிக் கேட்டால் ஆபத்து கூடுதல். ஏன் என்பதை ஐந்தாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், க்ளாக்சசிலின் எல்லாம் பென்சிலின் குடும்பம். பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டுவதை இவை தடுக்கின்றன. சுவரில்லாமல் அது வெடித்துச் சாகிறது. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஆகவே ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு எதற்கும் இவை உதவாது. பாக்டீரியாவால் வரும் தொண்டைப்புண், சிலவகை நிமோனியா, உடைந்த பீங்கான் கிழித்துச் சீழ் வைத்த காயம் போன்றவற்றுக்கு, மருத்துவர் பார்த்து எழுதினால் உதவும்.

படி 2: மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்

முன்பு பென்சிலினோ செஃபலோஸ்போரினோ எடுத்து உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு திணறியதா? முதலில் அதைச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், வார்ஃபரின் அல்லது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பது ஆகியவற்றையும் விடாதீர்கள். ஊசி போட்டால் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

படி 3: வாங்கும்போது

அட்டையின் பின்பக்கம் நெடுக ஒரு சிவப்புக் கோடு ஓடும். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்கு அடையாளம் அது. காலாவதித் தேதி பாருங்கள், பில் கேளுங்கள். குழந்தைக்கான பவுடர் சிரப்பில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, ஒவ்வொரு முறையும் குலுக்கிக் கொடுங்கள். கலந்த சிரப் லேபிளில் போட்டிருக்கும் நாள்வரைதான் நிற்கும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்காதீர்கள்.

படி 4: சாப்பிடும் முறை

மூன்று வேளை என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. இரவு ஷிப்டில் சூளை பார்ப்பவர்கள் செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். அமாக்சிசிலினைச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். ஆம்பிசிலின், க்ளாக்சசிலின் வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்கு வழக்கமாக 10 நாள் கொடுப்பது, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்காமல் இருக்கத்தான். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945 நோபல் உரையிலேயே குறைந்த அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார்.

மாத்திரை போட்டபின் மூச்சு இரைத்தாலோ, உதடு, நாக்கு வீங்கினாலோ உடனே 108. கடும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

படி 5: இருமல் நிற்கவில்லையா?

பீங்கான் கலவையில் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா உண்டு. காய்ந்த மண்ணைச் சலிக்கும்போதும், தரையைக் கூட்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி நுரையீரலில் போய்ப் படிகிறது. வருஷக்கணக்கில் படிந்தால் நுரையீரல் தழும்பேறும், அதுதான் சிலிக்கோசிஸ். அங்கே கிருமியே இல்லை, ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? தழும்பேறிய நுரையீரலில் காசநோய் எளிதாகத் தொற்றும். காசநோய்க் கிருமி பென்சிலினையே சிதைக்கும் என்சைமைச் சுரக்கிறது. கூட வந்த வேறு தொற்று அமாக்சிசிலினில் தணிந்து, தேவலை என்று தோன்றுகிற அந்த நாட்களில்தான் காசநோய் உள்ளே வளர்ந்து வீட்டாருக்கும் பரவுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும் முழுச் சிகிச்சையும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சீட்டு எழுதும் மருத்துவரிடம், "நான் செராமிக்கில் வேலை பார்க்கிறேன், இத்தனை வருஷமாக" என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.