ஆக்டேன் எண்: பெரிய எண் எல்லாம் நல்ல எண்ணா?

எட்டாம் வகுப்பு அறிவியலில் எரிபொருள்கள் பற்றிய பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். அடுத்த வாரம் பள்ளிக்கு வரும் வழியில், பெட்ரோல் நிலையத்தில் என் மாணவன் ஒருவனின் அப்பாவைச் சந்தித்தேன். வண்டியின் இருபுறமும் பால் கேன்கள். நலம் விசாரித்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆக்டேன் அதிகமா இருந்தா வண்டிக்கு நல்லதுன்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்களாமே சார். பையன் ஒரே பிடிவாதம். ஒரு வாரமா விலை கூடின பெட்ரோல்தான் போடுறேன்.”

அங்கே அன்று லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல். நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் மாதத்திற்கு 45 லிட்டர், 315 ரூபாய். பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. அவருடையதோ சாதாரண 100 சி.சி. வண்டி. இந்தச் செலவுக்குக் காரணம், நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரே வரி: ‘ஆக்டேன் எண் அதிகமானால் எரிபொருள் சிறந்தது.’ தேர்வுக்கு உதவும் அந்த வரி, வீட்டுக்குப் போனதும் பணத்தைக் கரைத்துவிட்டது.

“வண்டி வாங்கும்போது கொடுத்த கையேடு இருந்தால் பையனிடம் கொடுத்து அனுப்புங்கள்” என்று கேட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். அந்தப் பாடத்தை மறுபடியும் தொடங்கினேன்.

கையால் உணர்ந்த பாடம்

முதலில் சைக்கிள் பம்பு. அதன் வாயைத் துணியால் அடைத்துப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை வேகமாக அழுத்தச் சொன்னேன். பம்பின் அடிப்பகுதி சூடானதை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். காற்றை விரைந்து அழுத்தினால் வெப்பநிலை உயரும் என்பது புரிந்தது.

அடுத்து, ஊசி இல்லாத புதிய 10 மி.லி. சிரிஞ்சு. உந்துதண்டை 10 வரை இழுத்து, முனையை விரலால் மூடிக்கொண்டு அழுத்த வேண்டும். யாராலும் 1-ஐத் தொட முடியவில்லை. “உங்களால் முடியாததை வண்டி எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் செய்கிறது” என்றேன். பத்துப் பங்கு கலவையை ஒரு பங்காக அழுத்தினால் அதன் அழுத்த விகிதம் 10:1. நாம் அன்றாடம் ஓட்டும் 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் இது 9 முதல் 10 வரை இருக்கும். அதிவேக வண்டிகள் சிலவற்றில் 12-ஐயும் தாண்டும்.

எண் எதை அளக்கிறது?

எஞ்சினுக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல்–காற்றுக் கலவையைத் தீப்பொறிச் செருகி பற்றவைக்கிறது. சுடர் ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். சுடர் வந்து சேருமுன்பே மீதிக் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகப் பற்றிக்கொண்டால் ‘டக் டக்’ என்ற ஓசை எழும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டன் சேதமடையும். இவ்வாறு தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனையே ஆக்டேன் எண் அளக்கிறது.

இதற்கான அளவுகோல் 1920-களில் உருவானது. எளிதில் நாக்கிங் தரும் நார்மல் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்று வைத்தார்கள். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல ஒரு பெட்ரோல் நடந்துகொண்டால், அதன் ஆக்டேன் எண் 91.

“அப்போ பெட்ரோலில் 91 சதவீதம் ஆக்டேன் இருக்கா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பிடித்த கேள்வி. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். அதில் ஆக்டேன் ஒரு துளிகூட இல்லை. எனவே இந்த எண் உள்ளே இருக்கும் பொருளின் அளவு அல்ல, நடத்தையின் அளவு. அது ஆற்றலின் அளவும் அல்ல. ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

எந்த வண்டிக்கு எது?

பி.எஸ்.6 தர நிர்ணயம் வந்தபோது சாதாரண பெட்ரோலின் ஆராய்ச்சி ஆக்டேன் எண் குறைந்தது 91 என்று இருந்தது. நிலையங்களில் 95 முதல் 100 வரை எண் கொண்ட வகைகளும் கிடைக்கின்றன. அழுத்த விகிதம் மிகுந்த எஞ்சினுக்கு உயர்ந்த எண் தேவைப்படலாம். கையேடு 95 கேட்டால் 95 போட வேண்டும். குறைத்தால் எஞ்சினுக்குக் கேடு. கையேடு 91 போதும் என்றால், நல்ல நிலையில் உள்ள சாதாரண வண்டிக்கு அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. சரியான பெட்ரோல் போட்டும் ஓசை வந்தால் கரிப்படிவு, அதிகச் சூடு, பொருந்தாத தீப்பொறிச் செருகி எனப் பல காரணங்கள் இருக்கலாம். மெக்கானிக்கிடம்தான் காட்ட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

வீட்டு வண்டிகளின் கையேட்டில் எரிபொருள் பக்கத்தைப் பார்த்து, வண்டியின் சி.சி., அழுத்த விகிதம், கேட்கப்பட்ட ஆக்டேன் எண், எத்தனால் கலப்பு வரம்பு ஆகியவற்றை அட்டவணையாக்கி வரச் சொல்லலாம். பெட்ரோலை வகுப்பறைக்குக் கொண்டுவரவே வேண்டாம். உரிமம் பெறும் வயது வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் இந்தப் பாடத்திலேயே சொல்லிவிடலாம்.

மறுநாள் அந்த மாணவன் எண்ணெய்க் கறை படிந்த கையேட்டுடன் வந்தான். அவனே வாசித்தான்: 91. சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அப்பாகிட்ட நான் தப்பா சொல்லிட்டேனா சார்?” என்றான்.

“நீ கேட்டதைச் சரியாகத்தான் சொன்னாய். நான்தான் பாதி சொல்லியிருந்தேன்” என்றேன். வகுப்பின் முன்னால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

பழைய வரியை அழித்துவிட்டு, ‘எஞ்சினுக்குப் பொருந்தும் எண்ணே சிறந்த எண்’ என்று எழுதினேன். இப்போதெல்லாம் எந்தப் பாடத்தில் எண் வந்தாலும், அது அதிகமா குறைவா என்று கேட்பதற்கு முன் ‘இது எதை அளக்கிறது?’ என்று மாணவர்களைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.